ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் ஒரு சதுப்பு

நம் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் பேசுவதற்கு முன், முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன தை மாதம், ஐம்பத்திரண்டு வயதில், மைத்துனனின் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு மலையுச்சியில் நின்றேன். ஏன் நின்றேன்? சின்னச் சங்கதிதான்... கேளுங்கள்.

ஊட்டிக்கும் அப்பால், ஆள் போகாத ஒரு மொட்டை மலை. அடிவாரம் முழுக்கச் சதுப்பு. முறையாக அனுமதி வாங்கி, வழிகாட்டி ஜோகி அண்ணனோடு நானும் என் மனைவியின் தம்பி தனபாலும் போனோம். ஜோகி அண்ணன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். எருமை மிதித்த தடத்திலேயே வரவேண்டும். பச்சையாக, வழவழவென்று இருக்கிற இடத்தில் மட்டும் கால் வைக்கக் கூடாது.

நான் என்ன செய்தேன்? என் ஷூ புதுசு. தடமெல்லாம் சாணி. பக்கத்திலேயோ கம்பளம் விரித்த மாதிரி பச்சை. ஒரே எட்டு... இடுப்பு வரை போய்விட்டேன்.

வலது காலை இழுத்தால் இடது இறங்குகிறது. இடதை இழுத்தால் வலது இறங்குகிறது. எதிரே பனிமூட்டம் வேறு வருகிறது. அது மூடிவிட்டால் தடம் தெரியாது, மூன்று பேருக்குமே.

ஜோகி அண்ணன் நிதானமாகச் சொன்னார். "படுத்துடுங்க சார்."

படுப்பதா? தனபால் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கிறான். சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் அத்தனையும் பார்த்துவிடும். முடியாது என்றேன்.

"நின்னா முழுங்கும் சார். படுத்தா விட்டுடும்."

"படுங்க மச்சான். முகம் மட்டும் இந்தப் பக்கம் இருக்கட்டும்" என்றான் அந்தப் புண்ணியவான்.

கடைசியில்... படுத்தேன். நெடுஞ்சாண்கிடையாக. ஜோகி அண்ணன் நீட்டிய கோலைப் பிடித்து, ஓணான் மாதிரி நெளிந்து நெளிந்து வெளியே வந்தேன். பேன்ட் வரவில்லை. பனி மூடுவதற்குள் கெட்டித் தரையைப் பிடித்து, மலைமேலும் ஏறிவிட்டோம்.

ஏ பிளாக் பெரியோர்களே, பி பிளாக் பெரியோர்களே... தண்ணீர்த் தொட்டிச் சண்டையில் ஆறு மாதமாக இரண்டு பக்கமும் விறைப்பாக நிற்கிறீர்களே, ஓர் அங்குலம் மேலே வந்தீர்களா? முறைக்க முறைக்க இறங்கிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? யாராவது ஒருவர் முதலில் படுங்கள் ஐயா. பார்க்கிறவன் சிரிப்பான், சிரிக்கட்டும். படுத்தவன்தான் கரையேறுவான்.

கைதட்டுகிறீர்கள்... நன்றி. அதற்காக ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். நானாகப் படுக்கவில்லை. ஜோகி அண்ணன்தான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கோலால் முதுகில் ஒரு தள்ளு தள்ளினார்.