ரயிலில் கழற்றிய கிட்டார்

"நேத்து பாதிப் பாட்டுல கிட்டார் செத்துப்போச்சு அண்ணே."

கிள்ளான் ரயிலில் எனக்கு எதிரே, மடியில் புது மின்சாரக் கிட்டாரோடு இருந்தவர் பக்கத்திலிருந்த முன்பின் அறியாத, ரயில் பழுதுபார்க்கும் பிட்டரிடம் சொன்னார்.

"வயர மாத்திப் பாத்தியா?"

"மாத்தியாச்சு. பிளக்க அழுத்திப் பிடிச்சா சத்தம் வருது, விட்டா போயிடுது. இன்னிக்கு பிரிக்பீல்ட்ஸ்ல தங்கச்சி கல்யாணம். வாசிக்க ரெண்டு கையும் வேணுமே."

பிட்டர் பேனாக்கத்தியால் பிளக் சொருகும் இடத்தின் மூடியைக் கழற்றினார். "உள்ள தகடு விரிஞ்சிருக்கு, பிளக்கத் தொடல." நகத்தால் மெல்ல வளைத்துவிட்டுச் சொருகினார். பிளக் இறுகி நின்றது.

"சரியாயிடுச்சா?"

"கரண்ட் குடுத்தாத்தான் தெரியும்."

கிட்டார்க்காரர் பிளக்கை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். பிரிக்பீல்ட்ஸுக்கு இறங்கும் நிலையத்தில் எழுந்தவர், "நீங்களும் கல்யாணத்துக்கு வந்து, நான் வாசிக்கிறப்ப பக்கத்துல உக்காந்துக்கிறீங்களா அண்ணே?" என்றார்.

"சட்டையெல்லாம் எண்ணெயா இருக்கே," என்றபடி பிட்டரும் இறங்கினார்.