கேசியாவின் கண்ணாடிக் குழாய்

துர்காதேவி மேடம், நீங்கள் மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டியதில்லை. உங்கள் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. என் மகள் கேசியா போனதிலிருந்து ஒவ்வொரு குழாயையும் ஜன்னலண்டை கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். தலை நரைத்த பிறகு அவள் சொல்லிக் கொடுத்து வந்த எழுத்து.

சித்தூரில் மூட்டை தூக்கியவன் நான். இடுப்பு போன பிறகு திருப்பதிக்கு வந்து உங்கள் லேபில் குழாய் கழுவுகிறேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் அடிபட்ட கேசியாவுக்குத் தொடையில் கம்பி வைத்ததும் தெரியும். நடக்கத் தொடங்கினாள், கல்யாணத்துக்கு நாள் குறித்தோம். அப்புறம்தான் சீழ் வைத்தது.

"கிருமி கம்பி மேல பாலாடை மாதிரி படிஞ்சா எந்த மருந்தும் உள்ள போகாது, சாம்ராஜ். கம்பியை எடுத்தே ஆகணும்" என்றீர்கள். ஆடை கட்டுகிற கிருமியா என்று பார்க்க, அவள் சீழில் இருந்ததைக் குழாயில் வளரவிட்டீர்கள். குழாயில் இருந்ததைக் கொட்டி, ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவினால், ஆடை இருக்கிற இடத்தில் மட்டும் ஊதா நிற்கும்.

எலும்பு டாக்டர் ரமணா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கம்பியை எடுத்தால் காலையும் எடுக்க வேண்டி வரலாம், ஆனால் உயிர் நிற்கும் என்றார்.

மாப்பிள்ளை ஊரான பாகாலா சர்ச்சில், மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று பாஸ்டர் சபையைக் கேட்பார். மூன்றாவது ஓலைதான் பாக்கி. பெண்ணுக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். கால் போகப் போகிறது என்று தெரிந்தால் மாப்பிள்ளையின் அப்பா சுந்தர்ராஜே எழுந்து நிற்பார்.

கேசியாவிடமும் கேட்டேன்.

"எடுத்துடச் சொல்லு நைனா. வலி தாங்கல."

"கல்யாணம்?"

"அவரு என்னைக் கட்டிக்கப் போறாரா, என் காலையா? நீ ரெண்டு காலை வெச்சிக்கினு என்னத்தக் கிழிச்ச? நான் உக்காந்துக்கினே கம்ப்யூட்டர் வேலை பாத்து உனக்குச் சோறு போடுவேன்."

சின்னப் பெண். காய்ச்சல் வேகத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன். டாக்டர் கேட்டபோது, "பொண்ணுக்கு இஷ்டமில்ல சார்" என்றேன். லேப் ரிப்போர்ட் வரட்டும் என்றார்.

மறுநாள் மதியம் குழாய்களைக் கவிழ்த்துக் காயவைத்துவிட்டுச் சாப்பிடப் போனீர்கள். ஒட்டியிருந்த சீட்டைப் படித்து அவள் குழாயை எடுத்தேன். உள்ளே சுற்றிலும் ஊதா, கத்தரிக்காய்த் தோல் மாதிரி. ஒத்துப் பார்க்க, ஆடை கட்டும் என்று தெரிந்த கிருமியை நீங்கள் வளர்த்து வைத்திருந்த குழாயிலும் ஊதா இருந்தது. அதைத் தொடவில்லை. அது அப்படியே இருந்தால்தான் சோதனை சரியாக நடந்ததாக நீங்கள் நம்புவீர்கள். கேசியாவின் குழாயைப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன். கழுவி, எடுத்த இடத்திலேயே கவிழ்த்தேன்.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். "மஞ்சி வார்த்த, நல்ல சேதி சாம்ராஜ். ஆடை கட்டல" என்று சொல்லி, டப்பாவில் மிச்சமிருந்த போளியைக் கொடுத்தீர்கள். தின்றேன்.

கம்பியை விட்டுவிட்டு மருந்து மட்டும் ஏற்றினார்கள். கேசியாவுக்கு உதடு கறுத்தது.

"டாக்டரு என்ன சொன்னாரு நைனா?"

"கம்பி நல்லா இருக்குதாம்."

"அப்ப ஏன் நைனா இப்படி வலிக்குது?"

ஜெபம் பண்ணும்மா என்றேன். பண்ணினாள். நான் சொன்னதை அவள் எப்போதும் கேட்பாள்.

அந்த ஞாயிறு மூன்றாவது ஓலை வாசித்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லையாம். புதன்கிழமை அவள் போய்விட்டாள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள்.

கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைப் புடவையைக் கட்டித்தான் பெட்டியில் வைத்தோம். சுந்தர்ராஜ் வந்து குனிந்து பார்த்தார். என் பெண்ணுக்கு இரண்டு காலும் முழுசாக இருந்தன, மேடம். தகப்பனாக அதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.