டாயிலுக்கு ஏற்ற துப்பாக்கி

துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் மரப்பிடியின் பளபளப்பில் மயங்கிவிடுகிறார்கள். நான் முதலில் குழலின் உட்புறத்தைத்தான் பார்ப்பேன். கடையில் விற்கும் செப்பு உறை போட்ட குண்டு எந்தக் குழலிலும் ஓடிவிடும். வீட்டில் உருக்கி வார்த்த ஈயக் குண்டு அப்படியில்லை. குழல் சொரசொரப்பாக இருந்தால் ஈயம் உரிந்து உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். பத்தாவது குண்டு எங்கே போகிறதென்று சுட்டவனுக்கே தெரியாது. அதனால் பொறுமையாகப் பார்த்து வாங்க வேண்டும். நான் முப்பது வருடமாகக் குண்டு வார்க்கிறேன், ஆல்டெக்கோவா. உன் அப்பா சுட்ட எல்க் மான்களில் பாதி என் குண்டுக்கு விழுந்தவை. நீ போலீஸ் உடுப்பு போட்டுவிட்டதற்காக அதை மறந்திருக்க மாட்டாய்.

மேசையில் நீ எடுத்து வைத்திருக்கும் அந்த டப்பா மூடியைப் பற்றித்தான் கேட்கிறாய் என்று தெரியும். அதற்கும் வருவேன். வரிசையாகச் சொன்னால் உனக்கு எழுதச் சுலபம்.

ஆகஸ்ட் கடைசியில் லொரெட்டா என் கொட்டகைக்கு வந்தாள். கையில் ஹக்கிள்பெரி பழம் வைத்துச் சுட்ட பலகாரம். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். நான் என் அண்ணனின் டயர் கடையில். சக்கரங்களின் எடையைச் சரிசெய்ய மாட்டி, பிறகு கழற்றிப் போடும் ஈயத் துண்டுகளை வாளி வாளியாக வீட்டுக்குக் கொண்டுவந்து உருக்குவேன். இருபத்திரண்டு வருடம், ஒவ்வொரு அக்டோபரும், நாங்கள் இருவரும் சேர்ந்துதான் மலைக்குப் போனோம். வருடத்துக்கு ஒரு எல்க். என் சமையல் மேசையில் வைத்து இரண்டாகப் பங்கு போடுவோம். அவள் புருஷன் விட்டுப்போன வருடம்கூட அந்தப் பழக்கம் தவறவில்லை.

"ஐவா, கோவிச்சுக்க மாட்டேன்னு முதல்ல சொல்லு" என்றாள்.

"பலகாரத்தக் கீழ வை. அப்புறம் சொல்றேன்."

"டாயிலும் நானும் தெற்க பாலைவனத்துப் பக்கம், யூமாவுக்குப் போயிடலாம்னு இருக்கோம்டி. டிசம்பர்ல. அங்க அவனுக்கு ஒரு டிரெய்லர் வீடு இருக்கு. பனியே கிடையாதாம்."

"பாம்பு இருக்குமே."

"இருபத்திரெண்டு வருஷம் உன்கூடக் குப்ப கொட்டியாச்சு. இனிமே பாம்பு என்ன பண்ணிடும்?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. டாயில் மோசமான ஆள் இல்லை. மனைவி செத்து ஆறு வருடமாகத் தனியாக இருந்தவன். நாற்பது வருடம் மர அறுவை ஆலையில் காதில் எதுவும் அடைக்காமல் நின்றதால் காது போய்விட்டது. எதிரே நின்று உதடு தெரியச் சொன்னால்தான் புரியும். மனிதர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்வது இயற்கைதான். நான் அதைப் புரிந்துகொண்டேன். கிளம்பும்போது அவள் சொன்னதுதான் எனக்குள் தங்கிவிட்டது.

"என் துப்பாக்கிய நீயே வெச்சுக்கடி. யூமாவுல நான் யாரச் சுடப் போறேன், பக்கத்து டிரெய்லர் கிழவனையா?"

பழைய சட்டையைக் கொடுப்பது மாதிரி சொன்னாள். அந்தத் துப்பாக்கியின் குழலை அளந்து, அதற்கென்றே அச்சு செய்யச் சொல்லி வரவழைத்து, அவளுக்காகவே இருபத்திரண்டு வருடம் குண்டு வார்த்தவள் நான். போவதை என்னால் தாங்க முடிந்தது. அவ்வளவு சுலபமாகப் போவதைத்தான் தாங்க முடியவில்லை.

வாசல்வரை போனவள் திரும்பினாள். "இந்த ஒரு தடவ டாயிலும் நம்மகூட வரட்டுமே. நான் இத்தன வருஷம் என்னதான் பண்ணேன்னு அவனும் பாக்கட்டும். அவனுக்கு ஒரு துப்பாக்கி வாங்கித் தரப் போறேன். உன் குண்டுக்கு எது ஒத்துவரும்னு நீதான் பாத்துச் சொல்லணும்."

சரி என்றேன்.

மூன்று பேரும் சால்மன் ஊருக்குப் போய்ப் பழைய துப்பாக்கி விற்கும் கடையில் பாதி நாள் நின்றோம். டாயில் கை நீட்டியதெல்லாம் ஒல்லிக் குழலும் வேகமும் உள்ளவை, மேலே தொலைநோக்கி பொருத்தியவை. வேகம் கூடினால் ஈயம் தாங்காது என்று எழுதிக் காட்டினேன். அகலமான குழல் வேண்டும், கனமான குண்டு வேண்டும், நிதானமாகப் போக வேண்டும். கடைசியில் மூலையில் கிடந்த ஒரு பழைய முப்பத்தைந்து காலிபர் துப்பாக்கியை எடுத்தேன். அதில் தொலைநோக்கி கிடையாது. நுனியில் ஒரு இரும்புப் பொட்டு, பின்னால் ஒரு பிளவு, அவ்வளவுதான்.

டாயில் அதைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "என் கண்ணுக்கு ஒரு கண்ணாடி வேணாமா ஐவா? தூரத்துல இருக்கறதெல்லாம் எனக்குப் பொதி மாதிரித்தான் தெரியுது."

நான் அவன் முகத்துக்கு நேரே நின்று சொன்னேன். "அடர்ந்த காடு. நூறு கஜத்துக்கு மேல எதுவும் தெரியாது. காலைப் பனியில கண்ணாடி மூடிக்கும். அதுவுமில்லாம அத மாட்டறதுக்கு இதுல ஓட்ட போட்டா துப்பாக்கி பாழாயிடும்."

லொரெட்டா அவன் முதுகில் தட்டினாள். "அவ சொல்றதக் கேளுடா கிழவா. உனக்கு நான் கிடைச்சதே கண்ணாடி இல்லாமத்தான?"

கடைக்காரனும் சிரித்தான். நான் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மை. ஈயக் குண்டு வார்க்கும் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். இதை நீ எழுதிக்கொள்.

வீட்டுக்கு வந்து குழலை அளந்தேன். மெத்தென்ற ஒரு ஈய உருண்டையை எண்ணெய் தடவி, கோலால் தட்டித் தட்டிக் குழல் வழியாக மறுபக்கம் தள்ளினேன். வெளியே வந்ததில் குழலின் வரிகள் அச்சாகப் பதிந்திருந்தன. ஒரு முகத்தை இருட்டில் கையால் தடவிப் பார்ப்பது மாதிரி அது. நல்ல குழல். தேர்வில் ஒரு தப்பும் இல்லை.

இப்போது மூடிக்கு வருகிறேன். என் கையெழுத்துதான். "செப்டம்பர் 3. டயர் ஈயம். தண்ணீரில் போட்டது. டாயில்." குண்டு வார்ப்பவள் டப்பாவில் பொய் எழுதக் கூடாது, ஒரு வருடம் கழித்து எடுக்கும்போது அவளே ஏமாந்துபோவாள். முப்பது வருடப் பழக்கம். அதை எழுதியபோது உன்னை நான் நினைக்கவே இல்லை.

அச்சைத் திறந்ததும் குண்டு சுடச்சுட விழும். வேட்டைக்கென்றால் நான் மடித்த துண்டின் மேல் விழவிடுவேன். மெல்ல ஆறினால் ஈயம் மெத்தென்று இருக்கும். உடம்புக்குள் போனதும் காளான் மாதிரி விரியும். விலங்கு நாலு அடி வைப்பதற்குள் முடிந்துவிடும். வாளித் தண்ணீரில் விழவிட்டால் ஈயம் இறுகிப்போகும். அட்டையில் குறி சுடுவதற்கு அது நல்லது. உடம்புக்குள் அது விரியாது. ஆணி போனது மாதிரி சின்ன ஓட்டை போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். அடிபட்டது சாக நேரமாகும்.

அன்று துண்டு மேசையில் மடித்துத்தான் இருந்தது. வாளி காலடியில் இருந்தது. நான் வாளியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். அப்போதே திட்டம் இருந்ததா என்று நீ கேட்பாய். ஒவ்வொரு குண்டும் விழும்போது தண்ணீர் 'சுர்' என்றது. கேட்க நன்றாக இருந்தது. அறுபது குண்டு வார்த்தேன். அறுபதிலும் கை ஒரு தடவைகூடத் துண்டின் பக்கம் போகவில்லை. இதை நீ எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை மலைக்குப் போனோம். லொரெட்டா வழக்கமாகப் போடும் ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றி டாயிலின் தலையில் மாட்டினாள். "புது ஆளு. யாராவது இவன எல்க்னு நெனச்சுச் சுட்டுடப் போறாங்க. தொப்பையும் அப்படித்தான் இருக்கு" என்றாள். அவள் உடம்பில் பழுப்புக் கம்பளிக் கோட்டு. நம் மாநிலத்தில் ஆரஞ்சு போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை.

எங்கள் முறை உனக்குத் தெரியும். ஒருத்தி பள்ளத்தின் அடியில் இறங்கிக் காட்டுக்குள் நடந்து எல்க்கை மேலே விரட்டுவாள். இன்னொருத்தி மேட்டில் உட்கார்ந்திருப்பாள். விரட்டுகிறவள் மரங்களை விட்டு வெளியே வருவதற்கு முன்பு விசிலடிக்க வேண்டும். இரண்டு குட்டை, ஒரு நீளம். விசில் கேட்டால் மேலே இருப்பவள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட யாரும் அதை மறந்ததில்லை.

அன்று விரட்டுவது லொரெட்டாவின் முறை. இறங்கப் போகும்போது என் கையைப் பிடித்தாள். "இன்னிக்கு அவனுக்குக் காது நீதான்டி" என்றாள்.

டாயிலும் நானும் ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தோம். எட்டரை மணி இருக்கும். ஆஸ்பென் மரங்களின் இலைகள் உதிர்ந்து தரை மஞ்சளாகக் கிடந்தது. பள்ளத்தின் விளிம்பில் கிளைகள் அசைந்தன. டாயில் என்னைப் பார்த்தான். எனக்கு விசில் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நீளம். தெளிவாகக் கேட்டது.

நான் அவன் தோளைத் தொட்டு, அந்தப் பக்கம் கை காட்டினேன்.

நன்றாகத்தான் சுட்டான். தொண்ணூறு கஜம், இரும்புப் பொட்டு, அந்தக் கண். முதல் குண்டே. துப்பாக்கி சரியான துப்பாக்கி என்று அப்போது தெரிந்தது.

"விழுந்துச்சா ஐவா? விழுந்துச்சா?" எழுந்து ஓடப் பார்த்தான். கோட்டைப் பிடித்து என் முகம் தெரியும்படி உட்கார வைத்தேன்.

"சுட்டதும் ஓடக் கூடாது. இப்பப் போனா அது எழுந்து மலையத் தாண்டிடும். படுக்கட்டும். கால் விறைக்கட்டும். ஒரு மணி நேரம்."

வேட்டைக்காரர்கள் எல்லோரும் கடைப்பிடிக்கும் வழக்கம்தானே அது. உன் அப்பாவும் உனக்குச் சொல்லியிருப்பார். புது ஆளுக்கு அதை மீறும் தைரியம் வராது. ஃபிளாஸ்க்கைத் திறந்து அவனுக்குக் காபி ஊற்றினேன். லொரெட்டா கட்டிக் கொடுத்த ரொட்டியைப் பிரித்தான்.

"ரெட்டா பாத்தா குதிப்பா" என்றான். "நான் சுடவே மாட்டேன்னு பந்தயம் கட்டியிருக்கா, தெரியுமா?"

"தெரியும்."

கொஞ்ச நேரம் கழித்து, "அவ எங்க? இந்நேரம் வந்திருக்கணுமே?" என்றான்.

"அவளுக்கும் வழக்கம் தெரியும். சுட்ட சத்தம் கேட்டதும் இருக்கற இடத்துலயே உக்காந்திருப்பா."

தலையாட்டிவிட்டு ரொட்டியைக் கடித்தான். "உனக்கு ஏதாவது சத்தம் கேக்குதா?"

"இல்ல" என்றேன்.

கேட்டது. முதலில் பலமாக. பிறகு இடைவெளி விட்டு. ஒரு கட்டத்தில் தண்ணீர் என்றாள். மற்றபடி ஒரே வார்த்தைதான். நான் கைக்கடிகாரத்தை மரத்தின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடத்துக்குள் ஆள் போயிருந்தால், ஹெலிகாப்டர் வந்திருந்தால், பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதாக நீ சொன்னாய். இருக்கலாம். நாற்பத்து மூன்றாவது நிமிடத்தோடு சத்தம் நின்றது. அதற்குப் பிறகும் நான் அவசரப்படவில்லை. ஒரு மணி நேரம் ஆனதும், "இப்பப் போலாம்" என்றேன். அவனை முன்னால் போகவிட்டேன். அவன் சுட்டது, அவன்தான் முதலில் பார்க்க வேண்டும். அதுவும் எங்கள் வழக்கம்.

குண்டு அவளைத் தாண்டி ஒரு ஊசியிலை மரத்தில் இருந்தது என்றாய். கொஞ்சமும் நசுங்கவில்லை என்றாய். நான் எதிர்பார்த்ததுதான். நன்றாக வார்த்த குண்டு.

டாயில் மேல் கேஸ் போடாதே. அவனுக்குக் காட்டிய இடத்தில் சுட்டான். துப்பாக்கியை எடுத்தவள் நான், குண்டை இறுக்கியவள் நான், விசிலை விழுங்கியவள் நான், காத்திருக்கச் சொன்னவள் நான். கொன்றது நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டு, போடுகிறேன்.

ஒன்று மட்டும் விடாமல் எழுது. அந்த நாற்பத்து மூன்று நிமிடமும் அவள் கூப்பிட்டது என் பேரை. "ஐவா" என்றுதான். நான் எண்ணினேன், முப்பத்தொரு தடவை. டாயிலை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. யூமா, டிரெய்லர் எல்லாம் சும்மா. கடைசியில் யார் வேண்டியிருந்தது என்று பார்.

பேனாவைக் கீழே வைக்கிறாய். ஏதோ சொல்ல வருகிறாய். சொல்லு.

"அவருக்குக் காது கேக்காதுன்னு அவங்களுக்குத் தெரியும்ல. உங்களுக்கு மட்டுந்தான் கேக்கும்னு கூப்பிட்டிருக்காங்க."

நீ சின்னப் பையன், ஆல்டெக்கோவா. உனக்கு இதெல்லாம் புரியாது. முப்பத்தொன்று என்று எழுது.