ஏட்டு படித்த சண்டை

காவலூர் பஸ்ஸில் என் முன் சீட்டுப் பெண், “எங்க வூட்டு சண்டைய போலீஸ் ஏட்டு பூரா படிச்சிட்டாருண்ணா,” என்றாள். அவள் பக்கத்தில் போர்வை மூட்டையோடு ஒரு வியாபாரி.

“என்னாலதானே தங்கச்சி? புள்ள புடிக்கிறவன்னு என் போட்டோவ உங்க ஊரு வாட்ஸப் குரூப்புல போட்டப்போ, நீ ஸ்டேஷன்ல உன் போன காட்டி போலீச கூட்டினு வரலன்னா என்னை அடிச்சே கொன்னுருப்பாங்க.”

“குரூப்ப மட்டும் பாப்பாருன்னு நெனச்சேன். வூட்டுக்காரருக்கு நான் திட்டி அனுப்புனதையும் படிச்சிட்டாரு. இப்போ எங்க பாத்தாலும், ‘கோவம் ஆறிடுச்சாம்மா?’ன்னு கேக்குறாரு.”

வியாபாரி சிரிக்கவில்லை, கைகூப்பினார். “என் உசுருக்காக நீ இதெல்லாம் கேக்க வேண்டியதாப் போச்சே.”

“நீங்க உசுரோட கீறீங்களே, அது போதும்ண்ணா. சண்டைய இப்பல்லாம் நேர்லயே போட்டுக்குறோம்.”