சுவரோரத்து இருக்கை

எனக்கு இடது முழங்காலில் வாதம். ஈரக்காற்று பட்டால் போதும், கிழட்டு நாய் மாதிரி முனக ஆரம்பித்துவிடும். நான் சொல்லப்போகும் விஷயத்தை இந்த முழங்காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போதும் அப்படித்தான் தொடங்குகிறேன்.

என் பெயர் கில்பர்ட் ஸ்டாக்கம். டெவன் பக்கம், ஆயிரம் ஆடுகளும் பதின்மூன்று வாக்காளர்களும் உள்ள ஓர் ஊர் என்னை வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. ஆடுகளிடம் ஓட்டு இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கும்.

எங்கள் சபை ஒரு பழைய தேவாலயத்துக்குள் கூடியது. பாதி உறுப்பினர்கள் வந்தாலே இடம் போதாது. குளிர்காலத்தில் உள்ளே நுழைந்ததும் ஒரு வாடை மூஞ்சியில் அறையும். நனைந்த கம்பளி, நேற்றைய மதுவின் ஏப்பம், மிதிபட்ட ஆரஞ்சுத் தோல், அவசரத்துக்குக் கனவான்கள் ஒதுங்கும் படிக்கட்டு மூலை, பலகைக்கு அடியில் எப்போதோ செத்துப்போன எலி. தேசத்தின் தலையெழுத்தை அந்த வாடைக்குள் உட்கார்ந்துதான் எழுதினோம். எழுத்து அப்படி இருப்பதில் ஆச்சரியமில்லை.

உள்ளே உருப்படியான இடம் ஒன்றே ஒன்றுதான். பின்வரிசையில், சுவரோரம். சுவருக்கு அந்தப் பக்கம் சபாநாயகர் அறையின் கணப்பு எரியும். முழங்காலை அந்தக் கல்லில் சாய்த்தால் வலி இறங்குவது தெரியும். காலை எட்டு மணி ஜெபத்துக்கு வந்து தொப்பியை வைத்தவனுக்கே இடம் சொந்தம். எனக்குப் பக்திமான் என்று பெயர் கிடைத்தது அந்தக் கணப்பின் புண்ணியத்தில்.

ஆனால் ஓட்டு எண்ணும்போது தொப்பி உதவாது. 'ஆம்', 'இல்லை' என்று கத்துவதில் முடிவு தெரியாவிட்டால், புதிதாக ஒன்றைக் கேட்கிறவர்கள் எழுந்து வெளி நடைக்குப் போக வேண்டும். இருக்கிறபடியே இருக்கட்டும் என்பவர்கள் உட்கார்ந்தே இருக்கலாம். உட்கார்ந்தவர்களை உள்ளேயே எண்ணுவார்கள், போனவர்களைத் திரும்பி வரும்போது வாசலில் எண்ணுவார்கள். அப்படித் திரும்பி வருகிறவனின் இடத்தில் வேறொருவன் சாய்ந்திருப்பான். எத்தனையோ நல்ல மசோதாக்களைத் தோற்கடித்தவை எங்கள் வாதங்கள் அல்ல. எழுந்திருக்க மனம் வராத எங்கள் பின்புறங்கள்.

இனி ஜோசயா கிரிம்வேட். அவன் அச்சுக்காரன். சபைக்குள் யார் என்ன பேசினார்கள் என்பது வெளியே போகக் கூடாது, அச்சேறுவது அதைவிடப் பெரிய குற்றம். கிரிம்வேட் அதை நாலு பக்கத் தாளாக அடித்து விற்றான். பிடித்து வந்து, சபையில் வெளியாட்கள் தாண்டக் கூடாத குறுக்குக் கம்பியருகே மண்டியிட வைத்தார்கள். உள்ளே இருந்த யாரோதான் சொல்லியிருக்க வேண்டும், அது யார் என்று சபாநாயகர் கேட்டார்.

"ஞாபகம் இல்லீங்க, ஐயா," என்றான் கிரிம்வேட். "எனக்கு ஞாபக சக்தி இருந்தா நானும் உங்களை மாதிரி உள்ள உக்காந்திருப்பேனே."

சிறைக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம் ஆயிற்று. எனக்கு அவனைத் தெரியும். சாயங்காலங்களில் அவன் கடைக்குப் போவதுண்டு. அச்சு மையின் வாடை எனக்குப் பிடிக்கும். சபையின் வாடைக்கு அது மாற்று.

அந்தப் பிப்ரவரிக் காலையில் அவன் மனைவி மார்ஜரி என்னைப் படிக்கட்டில் மறித்தாள். கையில் மனு. விடிந்ததிலிருந்து வருகிற உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் கெஞ்சியிருக்கிறாள். குரல் கம்மிவிட்டது.

"சிறைக் காய்ச்சல் வந்துடுச்சுய்யா. இருமினா ரத்தம். பக்கத்துல படுத்திருந்தவன் நேத்து செத்துட்டான், இன்னும் எடுக்கல. அந்த நாத்தத்துலதான் கஞ்சி குடிக்கிறாரு."

"மனு இன்னைக்கு வருதா?"

"வருதுய்யா. படிச்சாப் போதும்னு குமாஸ்தா சொல்றாரு. நீங்க எந்திரிச்சு வெளிய வருவீங்கல்ல?"

"வருவேன், அம்மா. முழங்கால் போனாலும் வருவேன்."

சிரித்தாள். என்னால் யாரையும் சிரிக்க வைத்துவிட முடியும், அது எனக்கு ஒரு சாபம். போகும்போது என் காதோரம் இன்னும் ஒரு வாக்கியம் சொன்னாள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மனுவைப் படித்தால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவனை மறுபடி கொண்டுவந்து, மண்டியிட வைத்து, அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டுவிட்டு, நல்ல புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்கள். அதுதான் வழக்கம்.

அன்று முதலில் கம்பளி மசோதா. நாட்டில் ஆட்டுரோமம் தேங்கிக் கிடந்தது. ஆகவே இனிமேல் பிணங்களையெல்லாம் கம்பளியில்தான் சுற்றிப் புதைக்க வேண்டும் என்று சட்டம். இரண்டரை மணி நேரம் பேசினோம். சர் பெவிஸ் புல்லர் தாமதமாக வந்து, இடம் கிடைக்காமல் என் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றார். கழுத்து லேஸில் காலை ஆகாரம் ஒட்டியிருந்தது. எதையோ மென்று, என் காலருகே துப்பினார்.

"ஓய் ஸ்டாக்கம், செத்தவனுக்குக் கம்பளி அரிக்காதா?"

"அரிச்சா எந்திரிச்சு வந்து மனு குடுக்கட்டும்," என்றேன்.

மூன்று வரிசை குலுங்கியது. கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் சிரித்த சிரிப்பில் ஆரஞ்சுச் சாறு மூக்கு வழியாக வந்தது.

மனு வந்தபோது மதியம். எல்லோருக்கும் பசி. 'மனுவை இப்போதே படிக்கலாமா?' என்று சபாநாயகர் கேட்டார். இரண்டு பக்கமும் ஒரே அளவில் கத்தினார்கள். வெளி நடையில் நின்ற கூட்டத்தை விரட்டும் சத்தம் கேட்டது, எண்ணும்போது வெளியாட்கள் இருக்கக் கூடாது. 'ஆம்' என்பவர்கள் எழுந்தார்கள்.

புல்லர் குனிந்தார். அவர் வாயிலிருந்து நேற்றைய விலாங்குமீன் வாடை வந்தது.

"எந்திரிக்கிறீரா? சீக்கிரம், ஓய். சூடு ஆறுறதுக்குள்ள நான் உக்காந்துக்கிறேன்."

பெஞ்சில் கையை ஊன்றினேன். அந்தச் சுவரின் கதகதப்பு, வலிக்கிற முழங்கால், உட்காரக் காத்திருக்கும் புல்லரின் அழுக்குக் கால்சட்டை. நான் ஊன்றிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. பாருங்கள், ஒருவன் செய்யக்கூடியதிலேயே மிகச் சின்னக் காரியம் அது.

"அதானே பார்த்தேன்," என்றார் புல்லர்.

எண்ணுகிறவர் தன் கோலால் என் திசையைக் காட்டி, உதடு அசைய ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டு போனார். வெளியே போனவர்கள் அறுபத்தொரு பேர். உள்ளே இருந்தவர்கள் அறுபத்திரண்டு. மனு படிக்கப்படவில்லை.

சபை சாப்பாட்டுக்குக் கலைந்தது. படியில் இறங்கும்போது தோற்ற அறுபத்தொருவருக்கு நடுவே புகுந்து, அவர்கள் முகத்தைப் போலவே என் முகத்தையும் வைத்துக்கொண்டேன். மார்ஜரி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று கன்றுக்குட்டித் தலை வேகவைத்திருந்தார்கள். நாக்கை எனக்கு வைத்தார்கள். நன்றாகவே சாப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் கிரிம்வேட் செத்தான்.

முழங்காலுக்காக ஒருவனைச் சாகவிட்டவன் என்று நீங்கள் என்னைக் காறித் துப்பலாம். அப்படித் துப்பினால் நான் சந்தோஷப்படுவேன். சோம்பேறி, சுகவாசி, கோமாளி என்று என்னை நானே ஏசிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிய இரவுகள் பல உண்டு. ஆனால் சொல்ல வந்தது அதுவல்ல.

சபைக்குள் நடந்ததை அவன் கடைக்குப் போய்ச் சொன்னவன் நான். அதில் அரசியல் எதுவும் கிடையாது. என் நகைச்சுவைகள் நாலு சுவருக்குள் செத்துப்போவது எனக்குப் பொறுக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல கிரிம்வேட் எழுத்துக் கோப்பான். "இந்த இடத்துல சபை சிரிச்சதுன்னு போடுய்யா," என்பேன். "ரொம்பவே சிரிச்சதுன்னு போட்டுடலாங்க," என்பான். என் பெயரைப் போடாமல், 'டெவன் கனவான் ஒருவர்' என்று போடுவான். அவனுக்கு மூன்று பெண்கள். ஒருத்தி எனக்காக அடுப்பில் இஞ்சி ரொட்டியை மூடி வைத்திருப்பாள்.

ஆறு வாரம் அவன் வாய் திறக்கவில்லை. இனியும் திறந்திருக்க மாட்டான். அது எனக்குத் தெரியும், மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் காய்ச்சல் கண்டவன், மண்டியிட்டுக் கிடப்பவன், சபாநாயகர் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்பார். நான் சுவரோரத்தில் உட்கார்ந்து அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மார்ஜரி படிக்கட்டில் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம் இதுதான்: "நீங்க பயப்பட வேண்டாம்னு சொல்லச் சொன்னாருய்யா."

அதுவரை நான் பயப்படுகிறேன் என்று எனக்கே தெரியாது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பெஞ்சில் கையை ஊன்றியபோது என் நினைவில் முழங்கால் இல்லை. அந்த வாக்கியம்தான் இருந்தது. இப்படி என்னைத் தெரிந்த ஒருவன் உலகத்தில் இல்லாமல் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. மடியில் கையை வைத்துக்கொண்டேன்.

அடக்கத்துக்குப் போனேன். கம்பளிச் சட்டம் இன்னும் அமலுக்கு வரவில்லை. இருந்தாலும் டெவன் ஆட்டின் முதல் தரக் கம்பளியை என் செலவில் அனுப்பியிருந்தேன். நன்றாகச் சுற்றியிருந்தார்கள். முகத்தோரம் மட்டும் கொஞ்சம் நைந்திருந்தது. நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைத் தாங்கிக்கொண்டார்கள்.

மார்ஜரி வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அறுபத்தொரு பேருல நீங்களும் ஒருத்தரு. முழங்கால் வலியோட எந்திரிச்சு வந்தீங்களேய்யா. அவருக்கு அதைச் சொன்னேன். கேட்டுட்டுத்தான் கண்ணை மூடினாரு."

நான் அவளைத் திருத்தவில்லை. யார் எழுந்தார், யார் உட்கார்ந்திருந்தார் என்பது சபைக்குள் நடந்த விஷயம். அதை வெளியே சொல்வது குற்றம், அந்தக் குற்றத்துக்காக ஒருவன் உயிரையே கொடுத்திருக்கிறான். நான் சபையின் விதிகளை மதிக்கிறவன்.