பனிமலைக்குக் கீற்று

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா தட்சணாமூர்த்தி அவர்களே! வரப்பில் நடந்து நடந்து பாதம் வெடித்த பெரியோர்களே! சேலைக் கரையில் உப்புப் பூத்திருக்க, பாத்தியிலிருந்து நேரே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உப்பளத் தொழிலாளர் சங்கச் செயலாளர் ரோஸ்லினின் வணக்கம்!

எனக்குப் பின்னால் மாட்டியிருக்கும் இந்த ஓவியத்தைத் தீட்டியவள் நம் செல்லம்மாள் மகள் அம்சவல்லி. என்ன மலை! என்ன மிடுக்கு! வானை முட்டும் சிகரம், சிகரத்தை முட்டும் கருமேகம், பாறை பிளந்து பாயும் அருவி! பெருமுக்கல் குன்றைத் தவிர வேறு மலை ஏறாதவள், பனிமலையையே படைத்துவிட்டாள்.

பட்டணத்தில் ஒரு கண்காட்சி. கொண்டுபோனோம். நடத்துகிறவர் பார்த்தார், வியந்தார். மலையடிவாரத்தைப் பார்த்தார், சிரித்தார். அங்கே என்ன? மழை இறங்கப்போகிறது. நாம் உப்பு அம்பாரத்தை மூட ஓடுவோமே, அதே போலத் தலையில் தென்னங்கீற்றோடு பெண்கள் மலையை மூட ஓடுகிறார்கள்!

"ஏம்மா, பனிமலைய யாராவது கீத்து போட்டு மூடுவாங்களா? இந்தப் பொம்பளைங்கள அழிச்சிட்டுக் குடு. நடு ஹால்ல மாட்டறேன்."

அம்சவல்லி என்ன சொன்னாள் தெரியுமா? "அவங்க இல்லாத மலை எனக்கு வேணாங்க. படத்தக் குடுங்க, போறோம்."

என்ன தேவநாதன் அண்ணே? "தப்பு தப்புதானே" என்கிறீர்களா? தப்புதான்! பனிக்குக் கீற்று வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெண்மையாய் ஒன்று குவிந்திருக்க, மேலே மேகம் திரள, கைகட்டி நின்றிருக்கிறோமா நாம்? பிசைந்த சோற்றை விட்டு ஓடவில்லையா? பால்குடிப் பிள்ளையை இறக்கிவிட்டு ஓடவில்லையா? விஜயலட்சுமி கல்யாணத்தில், தாலி ஏறிய மறுநிமிடம் பந்தல் கீற்றைப் பிடுங்கி அம்பாரத்தை மூடிய ஊரல்லவா இது! சிரிக்காதீங்க மாப்பிள்ளை, மாலையோட நீங்களும்தான் ஓடுனீங்க!

நம்மிலேயே சிலர் முணுமுணுக்கிறார்கள், "அழிச்சாதான் என்ன, பொண்ணுக்குப் பேர் கிடைக்குதே" என்று. யாரை அழிப்பது? முன்னால் ஓடுகிறவளின் நடையைப் பாருங்கள். செல்லம்மாக்கா, எழுந்து நில்லுங்க! கீற்று சுமந்த அத்தனை பேரும் எழுந்து நில்லுங்க! அழிக்கச் சொல்பவர் இந்த முகங்களைப் பார்த்துச் சொல்லட்டும்!

உப்பளத்துப் பெண் மலையை வரைவாள். கடலை வரைவாள். வானத்தையே வரைவாள். அதில் தன் தாயையும் வரைவாள். யாரைக் கேட்க வேண்டும்? இந்தப் படம் ஓர் உருவமும் குறையாமல் நம் சங்கக் கட்டடத்தில் தொங்கும். பார்க்க ஆசைப்படுகிறவர் மரக்காணத்துக்குப் பஸ் ஏறி வரட்டும்!

செவிகொடுத்த சபைக்கு நன்றி. எழுந்து நிற்கும் தாய்மாரை வணங்கி அமர்கிறேன்.