கூவினால் கூவ வேண்டும்

உங்கள் ஏட்டு வாங்கிவந்த டீயில் ஏலக்காய் போட்டிருக்கிறார்கள். போடியில் அது வழக்கமில்லை. தெருவுக்குத் தெரு காய் மணக்கும்போது டீக்கடைக்காரன் எதற்குக் காசைக் கரைக்கப் போகிறான்? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் யாரோ வெளியூர்க்காரன் புதிதாகக் கடை போட்டிருக்க வேண்டும். நன்றாகத்தான் இருக்கிறது. குடித்துவிட்டு நிதானமாகச் சொல்கிறேன்.

நேற்று வெள்ளைத்துரை குடித்துவிட்டு இந்த ஸ்டேஷனுக்கு வந்து, ஏழு வருடத்துக்கு முன்னால் மலையில் செத்துப்போன சுருளியைத் தான்தான் கொன்றதாக அழுதான் என்றீர்கள். அந்தப் பிள்ளைகளைக் கூட்டிப்போன வாத்தியார் என்பதால் என்னை அழைத்திருக்கிறீர்கள். அவன் சொன்னதையெல்லாம் நீங்கள் சொல்லக் கேட்டேன். அதில் ஒரு இடம் வருகிறது. ‘நான் கூவுனேன், அவன் கூவுனான், பெறகு பேய் கூவுச்சு’ என்கிறான். நீங்களும் ஏட்டும் சிரித்தீர்கள். பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் திருத்தாமல் விட எனக்கு வராது. அது பேய் இல்லை.

எழுபத்தொன்பதில் நடந்தது. பிளஸ் ஒன் அப்போது புதுசு. நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். சனிக்கிழமைகளில் ஆர்வமுள்ள பையன்களுக்குத் தனியாக ஒரு நாவலைப் பாடமாக நடத்தினேன். சம்பளத்துக்காக இல்லை, எனக்குப் பிடித்த புத்தகம். பெரியவர் ஒருவரும் இல்லாத தீவில் பள்ளிப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் ஒற்றுமையாக இருக்கிறார்கள், போகப் போக மிருகமாகிவிடுகிறார்கள். மதுரையில் கல்லூரியில் படிக்கும்போது அதை வாசித்தேன். சோறு இறங்கவில்லை. நான் ராசிங்காபுரத்துக்காரன். வாய்க்கால் தண்ணீருக்கு அண்ணனும் தம்பியும் மண்வெட்டியைத் தூக்குவதைப் பார்த்து வளர்ந்தவன். மனிதனைப் பற்றி அந்தப் புத்தகத்துக்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

அதைத்தான் வகுப்பில் சொன்னேன். சுருளி எழுந்து நின்றான். மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் பால்பாண்டியின் மகன். இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். ஒல்லியான பையன், முன்பல் கொஞ்சம் தூக்கல்.

“அதெப்படி சார்? எங்க லயத்து வீடுகள்ல விடிஞ்சா பெரியவுக எல்லாம் தோட்டத்துக்குப் போயிருவாக. பொழுசாயுற வரைக்கும் நாங்க பிள்ளைகளாத்தான் கெடப்போம். யாரும் யாரையும் கொல்லலையே சார்?”

“அது வேறப்பா. ராத்திரி ஆத்தா வந்து சோறு போடுவாள்ல. யாருமே வரமாட்டாங்கன்னு தெரிஞ்சாத்தான் மனுசன் வெளிய வருவான்” என்றேன்.

“இல்ல சார். மலையில மஞ்சு எறங்குனா பக்கத்துல நிக்கிறவன் மொகம் தெரியாது. அப்பக் கூவுவோம். கேட்டவுக திருப்பிக் கூவணும். அந்தச் சத்தத்தப் பிடிச்சு நடந்து வந்துரலாம். பேச்சுவார்த்தை இல்லாதவுகளா இருந்தாலும் கூவித்தான் ஆகணும். எங்கப்பாவும் சித்தப்பாவும் வெட்டுக்குத்து வரைக்கும் போனவுக. மஞ்சுல ஒருத்தருக்கொருத்தர் கூவிக்கிருவாக. இந்தப் புத்தகம் எழுதுனவரு மலையேறியிருக்க மாட்டாரு போல.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குக் கோபம் வராது, பள்ளிக்கூடத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பிரம்பைத் தொட்டவனில்லை. அடுத்த சனிக்கிழமை நான் உள்ளே நுழைந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் மெதுவாகக் கூவினான். இன்னொருவன் பதில் கூவினான். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தை ஆரம்பித்தேன். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கூவினார்கள்.

கெமிஸ்ட்ரிக்குப் பிராக்டிகல் இருக்கிறது. இங்கிலீஷுக்கு ஏன் இருக்கக் கூடாது என்று யோசித்தேன். குரங்கணிக்கு மேலே என் தாய்மாமன் வகையில் ஒரு ஏலத்தோட்டம் இருந்தது. பங்காளி வழக்கில் சிக்கி, ஆள் போகாமல் காடாகிக் கிடந்தது. காய் உலர்த்தும் ஸ்டோர் மட்டும் சுவரும் கூரையுமாக நின்றது. தீபாவளி முடிந்த வாரம், பிள்ளைகளுக்கு மலை காட்டுகிறேன் என்று வீடுகளில் சொல்லி நான்கு பேரைக் கூட்டிப்போனேன். சுருளி, வெள்ளைத்துரை, ராக்கையா, ஜக்கையன். பெற்றவர்கள் சந்தோஷமாக அனுப்பினார்கள். ஜக்கையனின் அம்மா எனக்கும் சேர்த்து முறுக்கு கட்டிக் கொடுத்தாள்.

குரங்கணி வரை ஜீப், அப்புறம் நடை. ஸ்டோரில் அவர்களை உட்காரவைத்து, ஒரு பை அவலும் வெல்லமும் கொடுத்தேன். “கீழ போயி அரிசி பருப்பு ஏத்திக்கிட்டு வர்றேன். நான் வர்ற வரைக்கும் யாரும் எடத்த விட்டு நகரக் கூடாது. வழியில யானை நிக்குது” என்றேன். சரி என்றார்கள். நான் இறங்குவதுபோல் இறங்கி, சுற்றிக்கொண்டு எதிர்ச்சரிவில் ஏறினேன். அங்கே ஒரு பழைய காவல் குடிசை. கம்பளியும் ரொட்டியும் முன்னாடியே கொண்டுபோய் வைத்திருந்தேன். இரண்டு சரிவுக்கும் நடுவில் செங்குத்தான பள்ளம், அடியில் ஓடை. அவர்கள் இருமினால்கூட எனக்குக் கேட்கும், கதவு திறந்திருந்தால் உள்ளே நடப்பதும் தெரியும்.

அவர்கள் நகரவே இல்லை. வாத்தியார் பேச்சைத் தட்டாத பிள்ளைகள்.

முதல் நாள் சாயங்காலம் சுருளி அவலைப் பங்கு வைத்தான். தன் பங்கைக் கடைசியாக எடுத்துக்கொண்டான். ஸ்டோரின் பழைய அடுப்பில் ஈர விறகை எப்படியோ பற்றவைத்தார்கள். மறுநாள் ராக்கையா வீட்டை நினைத்து அழுதான். வெள்ளைத்துரை அவனை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஸ்டோரைச் சுற்றிச் சுற்றி ஓடினான். பசியில் அழுத பயல் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். “சாருக்கு என்னமோ ஆகிப்போச்சுடா, நாளைக்கு நாம எறங்கிப் போயி அவரத் தேடணும்” என்று சுருளி சொன்னது கேட்டது. என்னைத் தேடுவதாகச் சொன்னான். நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய ஏமாற்றமாக இருந்தது.

அதனால் புத்தகத்துக்குக் கொஞ்சம் கைகொடுத்தேன். அடுத்த நாள் காலையில் அவர்கள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், மேல்வழியாகச் சுற்றி ஸ்டோருக்குள் போனேன். மீதி அவலையும் வெல்லத்தையும் எடுத்தேன். ஒரு பிடியை மட்டும் சுருளியின் துணிப்பைக்குள், சட்டைக்கு அடியில் வைத்தேன். பின் வந்த வழியே குடிசைக்குத் திரும்பினேன். கெமிஸ்ட்ரி சோதனையில் ஒரு பொருளைச் சேர்ப்பதில்லையா, அப்படித்தான் அதைப் பார்த்தேன்.

தேடிக் கண்டுபிடித்தவன் வெள்ளைத்துரை.

“அடப்பாவி, பங்கு வச்சுக் குடுக்குற மாதிரி குடுத்து எங்க வயித்துல அடிச்சிட்டியேடா!”

“ஆத்தா சத்தியமா நான் எடுக்கலடா. எப்பிடி வந்துச்சுன்னே தெரியல.”

“ஒங்காத்தாமேல சத்தியம் வேறயா? போடா வெளிய. இனிமே எங்க கண்ணுல முழிக்காத.”

ஒரு அறை விழுந்த சத்தம் கேட்டது. சுருளி பையைக்கூட எடுக்காமல் வெளியே வந்தான். ஒற்றையடிப் பாதையில் கீழ்ப்பக்கமாக நடந்தான். கதவு சாத்தப்பட்டது. அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இத்தோடு முடிந்தது, இறங்கிப்போய் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கிச் சொல்லலாம் என்று கம்பளியை மடிக்க ஆரம்பித்தேன். பட்டப்பகல்தான். ஆனால் அதற்குள் மேலிருந்து பனிமூட்டம் இறங்கிவிட்டது. என் கையே எனக்குத் தெரியவில்லை.

அப்போது எதிர்ப்பக்கம் கதவு திறந்தது. வெள்ளைத்துரை கூவினான். கீழ்நாட்டுப் பையன், அவனுக்குச் சரியாகக் கூவத் தெரியாது. அழுகையும் கூவலுமாக வந்தது. “சுருளி, வந்துருடா. தெரியாமச் செஞ்சுட்டேன். அவலும் வேணாம், ஒரு மயிரும் வேணாம், நீ வந்துருடா” என்று கத்தினான். ராக்கையாவும் ஜக்கையனும் சேர்ந்து கூவினார்கள்.

கீழேயிருந்து சுருளி திருப்பிக் கூவினான். அதில் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை. நன்றாக, வட்டமாக, மலைக்காரன் கூவுகிற கூவல். ஸ்டோருக்கும் அவனுக்கும் தூரம் அதிகமில்லை. இன்னும் இரண்டு தரம் கூவினால் போய்ச் சேர்ந்திருப்பான். கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். சனிக்கிழமை நான் வகுப்புக்குள் நுழையும்போது மறுபடி கூவியிருப்பார்கள்.

நான் கூவினேன்.

எனக்கும் கூவத் தெரியும். சின்ன வயதில் மாமன் தோட்டத்தில் பழகியது. வெள்ளைத்துரையைவிட நன்றாகக் கூவினேன். கேட்டதும் சுருளி கூவுவதை நிறுத்தினான். எந்தச் சத்தம் தோட்டத்து ஆளின் சத்தம் என்று அவன் தீர்மானித்துவிட்டான் போலிருக்கிறது. பெரிய ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்திருப்பான். “அண்ணே, இந்தா வர்றேண்ணே, அங்கனயே நில்லுங்க” என்றான். குரலில் அத்தனை சந்தோஷம். என் பக்கமாக நடந்தான். நடுவில் பள்ளம் இருந்தது. மறுபடி ஒருமுறை கூவினேன். கல் உருளும் சத்தம் கேட்டது, அப்புறம் ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. எதிர்ப்பக்கம் மூன்று பேரும் தொண்டை போகும்வரை கூவிக்கொண்டே இருந்தார்கள்.

மூட்டம் கலைந்ததும் நான் சுற்றிக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். ஜீப் பழுதாகிவிட்டது என்றேன். தேடுவதற்கு நான்தான் முன்னால் இறங்கினேன். அவனைத் தூக்கியதும் நான்தான், கனமே இல்லை. வெள்ளைத்துரை என் காலைப் பிடித்துக்கொண்டான். “சார், நான்தான் சார் அவனத் தொரத்துனேன்.” இதை யாரிடமும் சொல்லாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். வழுக்கி விழுந்த சாவு என்று எழுதினார்கள். மூன்று வீட்டாரும் என்னைத் தெய்வம் என்றார்கள்.

சுருளியின் தாய் அன்னக்கொடி மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். அழவில்லை. என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். “எம்புள்ள கூவுனானா சார்? கூவியிருந்தா கேட்டவுக யாராச்சும் கூவியிருப்பாகளே?” கூவவில்லை அம்மா என்றேன். அவளுக்கு அதில் ஒரு ஆறுதல் கிடைத்ததுபோல் இருந்தது. என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு மட்டும் அவ்வப்போது ஞாபகத்துக்கு வரும். மற்றபடி தூக்கம் கெட்டதில்லை.

வெள்ளைத்துரை பரீட்சை எழுதவில்லை. ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்குகிறான். மஞ்சு இறங்குகிற மாதத்தில் குடி அதிகம் என்று கேள்விப்பட்டேன். வழியில் என்னைப் பார்த்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பான். அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவன் தள்ளவில்லை. அவன் கூப்பிட்டான், சுருளி வந்துகொண்டிருந்தான். நடுவில் கூவியது நான். தெரிந்தே கூவினேன், பள்ளம் இருப்பது தெரிந்தே மறுபடியும் கூவினேன். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த நாவலை நான் இன்னும் நடத்துகிறேன். அதற்குப் பிறகு என் வகுப்பில் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை, கடைசி பெஞ்சிலிருந்து யாரும் கூவியதும் இல்லை. புத்தகம் சொன்னது சரிதானே, நீங்களே சொல்லுங்கள். பார்த்துக்கொள்ளப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு இப்படித்தான் ஆகும்.